பொட்டுக்குக் கீழே

ஜீவராணி மிஸ் வந்த வேன் ஓடுபாதைக்குள் திரும்பும்போது காலை ஏழு மணி இருக்கும். பனி இன்னும் புல்லை விட்டு எழும்பவில்லை. நான் விமானத்தின் சக்கரத்துக்கு வைத்திருந்த முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். மண்சரிவு ஆய்வுக்குக் கொழும்பிலிருந்து வரும் அதிகாரி என்றதும் முறைப்பான ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கழுத்தில் மஃப்ளரும் கையில் பிளாஸ்குமாக இறங்கி, விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுலயா போறோம்? எங்க வீட்டு ஆட்டோ இதவிடப் பெருசுங்க" என்றார்.

ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலை ஏறாத புல்மேட்டில் இருக்கிறது அந்த இடம். ஓடுபாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. வழித்த புல், இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல், ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். அதைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பார்த்து, ஓடுபாதையில் மாடு ஏறாமல் காப்பது அப்போது என் வேலை. ஓட்டுபவர் கெப்டன் ஹபீஸ், பதுளைக்காரர். மாதம் ஒரு தடவை கொழும்பிலிருந்து எஞ்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

என் பெயர் விஜேந்திரன். முன்பு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தேன். இந்த வேலையைத் தேடி நான் போகவில்லை. அதுதான் வானத்திலிருந்து எங்கள் தோட்டத்தில் வந்து விழுந்தது.

அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், இதே விமானம் சத்தமில்லாமல் தாழ்ந்து வந்து ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகளின் மேல் உட்கார்ந்தது. செடிகள் தாங்கிக்கொண்டதால் இறக்கை ஒன்று வளைந்ததோடு சரி. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தவன் நான்.

உள்ளே இரண்டு பேர். ஓட்டியவர், கெப்டன் ஹபீஸுக்கு முன்பு இருந்தவர், சாம்பல் பூத்த முகத்தோடு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். பின்னால், வலது பக்க ஆசனத்தில், கையால் பின்னிய காப்பிக்கொட்டை நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் தலையைச் சாய்த்திருந்தார். மடியில் கெமரா. கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று, நல்ல ஆரோக்கியமான ஆளாகத் தெரிந்தார்.

"இவரு தூங்குறாரு. விட்டுட்டு, அவர மொதல்ல தூக்குங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

ஓட்டியவரைச் சாக்கில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. சிவந்த கன்னம் அப்படியே இருந்தது, தொட்டால் குளிர்ந்தது. பெயர் தங்கராஜா, பதுளைக் கடைவீதியில் ஃபோட்டோ கடை வைத்திருந்தவர், ஹோட்டல் ஒன்றுக்காக மேலிருந்து படம் எடுக்கப் போனார் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வடிவம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, எஞ்சின் புகையில் இருக்கும் நச்சுவாயு ரத்தத்தில் ஏறினால் சிலருக்கு முகம் அப்படிச் சிவக்கும் என்றார். நீங்கள் கதவைத் திறந்தபோது உயிர் இருந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அப்போது நான் தொட்டுப் பார்க்கவில்லை.

விமானத்தைப் பிரித்து லொறியில் ஏற்ற ஒரு ஃபிட்டர் தேவைப்பட்டார். போனேன். திரும்பப் பூட்டும்போதும் கூப்பிட்டார்கள். அப்படியே ஒட்டிக்கொண்டேன். அந்தப் பின் ஆசனத்தை மட்டும் நான் ஒரு நாளும் கையால் துடைத்ததில்லை. குச்சியில் துணி கட்டித் துடைப்பேன்.

இனி, நான் செய்த இரண்டாவது காரியம்.

ஜீவராணி மிஸ் வருவதற்கு மூன்று நாள் முன்பு எஞ்ஜினியர் வந்திருந்தார். விமானத்தின் முன்பலகையில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற நடு இடத்தில், தீப்பெட்டி அளவு அட்டை ஒன்றை ஒட்டினார். அட்டையின் நடுவே இளம் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். எஞ்சின் சைலன்சரைச் சுற்றிய தகரக் கூட்டில் சூடாகும் காற்றுதான் ஹீட்டர் வழியாக உள்ளே வருகிறது, சைலன்சரில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் புகை அதோடு சேர்ந்து வந்துவிடும் என்று சிங்களத்தில் விளக்கினார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலிக்கும், கொட்டாவி வரும், பிறகு தூக்கம். வாயு வந்தால் இந்த வட்டம் கறுத்துப்போகும். உடனே ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, இறங்கிவிட வேண்டும்.

"இதுக்குள்ள உங்க உசிரக் காப்பாத்துறது இது ஒண்ணுதான்" என்று அட்டையைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த நாள் ஆயுத பூசை. ஃபெக்டரியில் வளர்ந்தவனுக்கு அது பெரிய நாள். ரோலர், டிரையர், ஸ்பேனர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். எது நம்மைக் காப்பாற்றுகிறதோ அதற்கு முதல் பொட்டு. விமானத்தைக் கழுவி, மாலை போட்டு, சாம்பிராணி காட்டினேன். முதல் பொட்டை எங்கே வைப்பது என்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அட்டையின் வட்டம் பொட்டுக்கென்றே அளவெடுத்தது மாதிரி இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன்.

கெப்டன் ஹபீஸ் பார்த்தார். அட்டை ஒட்டிய அன்று அவர் இல்லை. பலகை முழுக்க எட்டுப் பத்துப் பொட்டு இருந்தது. "வடிவாத்தான் இருக்கு விஜேந்திரன்" என்றார். அடுத்தவன் சாமி காரியத்தில் கை வைக்கக்கூடாது என்று நினைக்கிற நல்ல மனுஷன். ஒன்றையும் துடைக்கவில்லை.

ஜீவராணி மிஸ்ஸுக்கு மடுல்சீமைப் பக்கம் மலை வெடித்திருக்கிற இடங்களை மேலிருந்து பார்க்க வேண்டும். எந்த வெடிப்புக்குக் கீழே எந்த லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு, என்று சொல்ல ஒரு தோட்டத்து ஆள் வேண்டும் என்றார். கெப்டன் என்னைக் கை காட்டினார். துடைக்கிறவன் பறக்கக்கூடாதா என்று கேலி வேறு. அதுவரை நான் ஒரு தடவையும் அதில் பறந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், ஒரு பெண் முன்னால் பயந்தவனாகத் தெரிய வெட்கம்.

முன்னால் இடது பக்கம் கெப்டன், வலது பக்கம் மிஸ். கெப்டனுக்குப் பின்னால் நான். என் வலது கைப்பக்கம் அந்த ஆசனம், காலியாக.

மேலே ஏறியதும் குளிர் எலும்பைப் பிடித்தது. கெமரா இறக்கைக்குக் கீழே பொருத்தியிருந்ததால் ஜன்னல் திறக்கத் தேவையில்லை. மிஸ் கைகளை உரசிக்கொண்டார்.

"ஹீட்டர் ஒண்ணு இருக்கு மிஸ்" என்று கெப்டன் ஒரு குமிழை இழுத்தார். வெதுவெதுப்பான காற்று முன்னால் அவர்கள் காலடியில் வந்தது. பின்னால் எனக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

எல்லாரும் காதில் ஹெட்செட் மாட்டியிருந்தோம். எஞ்சின் இரைச்சலில் அது இல்லாமல் பேச முடியாது. யாராவது வாய் திறந்தால் மற்றவர்களுக்குக் கேட்கும், பேசாதபோது காதில் ஒன்றும் இருக்காது. நாலாவது ஹெட்செட் காலி ஆசனத்துக்கு மேலே கொக்கியில் தொங்கியது.

"அந்த ஓடைக்கு மேல தெரியுறது என்ன லயம்?" என்று மிஸ் கேட்டார்.

"மேல் டிவிசன், மிஸ். பதினாறு குடும்பம் இருக்கு."

"அதுக்கு மேலதான் நீட்டுக்கு வெடிச்சிருக்கு. பாருங்க."

பார்த்தேன். சிவந்த கோடு ஒன்று தேயிலைக்குள் ஓடியது. மிஸ் குறித்துக்கொண்டார். இன்னொரு சுற்று. இன்னொரு லயம். அரை மணி நேரம் இப்படிப் போனது. பிறகு மூடுபனி கீழே மடிப்பு மடிப்பாகச் சேர, கெப்டன் சற்று மேலே ஏற்றினார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

எனக்கு நெற்றிப்பொட்டில் லேசாக வலித்தது. முதல் தடவை பறக்கிறோம், அதனால்தான் என்று நினைத்தேன்.

கெப்டன் கொட்டாவி விட்டார். மிஸ் விட்டார். எனக்கும் வந்தது.

அப்போதுதான் அந்த வாடையை உணர்ந்தேன். புகை வாடை இல்லை. நனைந்த கம்பளியை நெருப்புப் பக்கம் காயப்போட்டால் வருமே, அந்த வாடை. எங்கள் மூன்று பேரில் யாரும் கம்பளி போட்டிருக்கவில்லை. மிஸ்ஸின் மஃப்ளர் பருத்தி.

காதில் மூச்சுச் சத்தம் கேட்டது.

நிதானமான, ஆழ்ந்து தூங்குகிற மூச்சு. கெப்டன்தான் என்று பார்த்தேன். அவருடைய மைக் வாயை விட்டு விலகி மேலே தூக்கியிருந்தது. மிஸ்ஸின் மைக் கன்னத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

நான் என் மூச்சை அடக்கினேன்.

அந்த மூச்சு நிற்கவில்லை.

வலது பக்கம் திரும்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தேன். எஞ்சின் காதைப் பிளந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் மூச்சு கேட்டது, இப்போது என் வலது காதில் மட்டும், சூடாக.

"தம்பி."

இடது பக்க ஜன்னலோடு ஒடுங்கினேன்.

"தம்பி… எழுப்பி விடு."

பயத்தில் அழுதுவிட்டேன். நாற்பத்தொரு வயது ஆள் அழுதேன். மூன்று வருஷமாக நான் எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. ஒளிய இடமில்லாத பெட்டிக்குள், பூமியை விட்டு ஆறாயிரம் அடி மேலே, தோளோடு தோள் உரச வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை நீட்டினேன். விரலில் கம்பளி தட்டுப்பட்டது. அதற்குள் ஒரு தோள்.

உலுக்கினேன். அன்றைக்கு உலுக்கியிருக்க வேண்டிய தோள்.

"அண்ணே, எந்திரிங்க. மன்னிச்சிருங்கண்ணே. எந்திரிங்க."

தோள் அசைந்தது. முகம் என் பக்கம் திரும்புவது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. திறந்தேன். சிவந்த கன்னம். மூடிய இமை. உதடு மட்டும் பிரிந்தது.

"என்னைய இல்ல."

முன்னால் பார்த்தேன்.

மிஸ்ஸின் தலை கண்ணாடியில் சாய்ந்து, விமானம் அதிரும்போதெல்லாம் அதில் முட்டிக்கொண்டிருந்தது. கெப்டனின் தாடை மார்பில் கிடந்தது. யாரும் விமானத்தை ஓட்டவில்லை.

எப்படி முன்னால் பாய்ந்தேன் என்று நினைவில்லை. இரண்டு ஆசனத்துக்கும் நடுவே உடம்பை நுழைத்து, நடுவிலிருந்த அட்டையின் பொட்டைக் கட்டைவிரலால் வழித்தேன். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது.

கீழே வட்டம் கரியாக இருந்தது.

ஹீட்டர் குமிழை உள்ளே தள்ளினேன். கெப்டனின் ஜன்னல் கொண்டியைத் தட்டித் திறந்ததும் குளிர்காற்று அறைந்தது. மிஸ்ஸின் ஜன்னல் கொண்டி எட்டவில்லை. காலி ஆசனத்தின் மேல் சரிந்து, அவர் தோளுக்கு அப்பால் கை நீட்டினால்தான் எட்டும்.

சரிந்தேன். யாருடைய மடியிலோ சரிந்தேன். கம்பளி என் கன்னத்தில் உரசியது. கொண்டியைத் திறக்கும் வரை அந்த மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது.

"சேர்! கெப்டன் சேர்! எந்திரிங்க!"

கன்னத்தில் அடித்தேன். மூன்றாவது அடியில் விழித்தார். விழித்ததும் வாந்தி. கைகள் பழக்கத்தால் தானாகப் பிடியைத் தேடின.

"தூங்கிட்டேனா?"

"வாயு சேர். தப்பு என்னோடது. இறக்குங்க. தூங்கிறாதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

இறங்க இருபது நிமிஷம் பிடிக்கும். பனிக்குள் ஒரு பிளவு கண்டு அவர் திருப்பினார். நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய் ஓய்ந்தால் அவர் போய்விடுவார் என்று தெரியும்.

"உங்க மகள் பேரு என்ன சேர்?"

"ரிஸ்கா."

"எந்த வகுப்பு?"

"ஒன்பது."

"வீட்டுக்காரங்க பேரு?"

"ஜுமானா."

மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். நாலு தடவை, ஐந்து தடவை. பதில் வர ஒவ்வொரு முறையும் நேரமானது. ஒரு கையால் மிஸ்ஸின் தலையை ஜன்னல் காற்றுக்கு நேராகப் பிடித்திருந்தேன்.

"வீட்டுக்காரங்க பேரு என்ன சேர்?"

"வடிவம்மா."

ஆஸ்பத்திரி வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் பெயர்.

"யாரு சேர்?"

அவர் திரும்பவில்லை. கண் ஓடுபாதையின் வெள்ளைக் கல்லில் இருந்தது. "ஜுமானாதான். இப்பத்தானே சொன்னேன்" என்றார் எரிச்சலாக.

நாங்கள் இறங்கிய இறக்கத்தை இறக்கம் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை எம்பி, புல்லைக் கிழித்துக்கொண்டு போய் நின்றோம். கெப்டன் கதவைத் திறந்து வெளியே விழுந்தார். சாம்பல் முகம், நிற்காத வாந்தி, கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

மிஸ் தன் ஆசனத்தில் அமைதியாக இருந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பார்த்தால் நல்ல தூக்கம் என்றுதான் தோன்றும்.

நான் கெப்டனைத் தாண்டி ஓடினேன். மிஸ்ஸை அக்குளில் கை கொடுத்து இழுத்து, காற்று அடிக்கிற மேட்டில் கிடத்தினேன். மூச்சு இல்லாத மாதிரி இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினேன், எத்தனை தடவை என்று தெரியாது. எழும்புங்க மிஸ், எழும்புங்க என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் அவர் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் புல்லில் முகம் புதைத்துக்கொண்டேன்.

இருவரும் பிழைத்தார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. சைலன்சரில் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்ததாம். பொட்டு வைத்தவன் நான்தான் என்று விசாரணையில் சொன்னேன். வேலை போனது, அது நியாயம்தான். மிஸ் எழுதிக் கொடுத்த அறிக்கையால் மேல் டிவிசனில் பதினாறு குடும்பத்தையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

பூனாகலையில் என் மனைவி தயானி பிறந்த லயத்துக்கே வந்து சேர்ந்தோம். ஆனால் மனசு ஆறவில்லை. ஒரு நாள் பதுளைக்கு பஸ் ஏறி, வடிவம்மா வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அன்றைக்கு மலையில் நான் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் அழவில்லை, திட்டவில்லை.

"அவரு தூங்குனா சட்டுனு எந்திரிக்க மாட்டாருங்க. ரெண்டு தரம் உலுக்கணும்" என்றார். "நான் வந்திருந்தா உலுக்கியிருப்பேன்."

"நான் உலுக்குனேன்ம்மா. அன்னைக்கு, மேல வச்சு."

"எந்திரிச்சாரா?"

அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் ஜீவராணி மிஸ்ஸிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. சோப்புக்கட்டி அளவு வெள்ளைப் பெட்டி. அதே வாயுவை அளக்கிற கருவி, இது மின்கலத்தில் வேலை செய்வது, சின்னத் திரையில் எண் காட்டும். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பெரிக்கிற வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும், முப்பதைத் தாண்டினால் ஆபத்து, கத்தும் என்று எழுதியிருந்தார். சுவரில் மாட்டினேன். தயானி விறகடுப்பு எரிக்கும்போது ஏழு, எட்டு என்று போகும். கதவைத் திறந்தால் பூச்சியம். மகள் தனுஜாவுக்கு அது விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தயானியும் தனுஜாவும் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. நான் மேசையில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு ஒழுங்கில் எழுதி வைப்போம் என்று ஆரம்பித்தேன். பாதி எழுதும்போது பெட்டி கத்தத் தொடங்கியது. முப்பத்தைந்து.

ஜன்னலைத் திறந்தேன். கதவைத் திறந்தேன். அறுபது.

பெட்டி பழுதாகியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து காட்டியது. கையில் எடுத்ததும் எழுபது.

இப்போது நான் லயத்தை விட்டு இறங்கி, விளையாட்டுத் திடலின் நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுற்றிலும் ஆளில்லை. வெயில் அடிக்கிறது. காற்று தாளைப் பிடுங்கப் பார்க்கிறது. பெட்டியை இடது கைப்பக்கம் புல்லில் வைத்தேன், இருபது. வலது கைப்பக்கம் வைத்தேன்.

இருநூற்றுப் பத்து.

தயானி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எனக்குக் கண்ணைச் சொருகுகிறது.